தடையற்ற வணிகத்தின் பாதகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடையற்ற வணிகம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் வேறு வேறு ஆட்களிடமிருந்து வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். இதன் நன்மைகளைச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. சுமை யார் தலையில் விழுகிறது என்று விளக்குகிறவர்கள் குறைவு. இந்தத் தொகுப்பு அந்தச் சுமையைப் பற்றியது.

தடையற்ற வணிகம் என்றால் வரியே இல்லாமல் பொருள் போய் வருவதா?

முழுக்க அப்படி நடப்பது மிக அரிது. நடைமுறையில், இறக்குமதி வரி, கோட்டா (இறக்குமதி அளவுக்கு வைக்கும் உச்சவரம்பு) போன்ற தடைகளை நாடுகள் பேசிவைத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1947இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் (GATT) எனும் வரி, வணிகப் பொது ஒப்பந்தம் இதற்கு அடித்தளம். அதன் தொடர்ச்சியாக 1995இல் உலக வர்த்தக அமைப்பு உருவானது. இது போக, சில நாடுகள் மட்டும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இன்றைய ஒப்பந்தங்களில் வரி ஒரு பகுதிதான். காப்புரிமை, வெளிநாட்டு முதலீடு, அரசுக் கொள்முதல், தர விதிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பலர் கவனிக்காமல் விடும் பாதகங்கள் இந்த அத்தியாயங்களில்தான் இருக்கின்றன. பின்னால் மருந்து, நடுவர் மன்றம் பற்றிய கேள்விகளில் அதற்கு வருகிறேன்.

இரண்டு நாட்டுக்கும் லாபம் என்றுதானே பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அது பொய்யா?

பொய் இல்லை. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் ஒரு கணக்குப் போட்டார். ஓராண்டுக்கான துணியை நெய்ய இங்கிலாந்துக்கு 100 ஆட்கள், ஒயினுக்கு 120 ஆட்கள். போர்ச்சுகலுக்குத் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல் கெட்டிதான். ஆனாலும் போர்ச்சுகல் ஒயினையும் இங்கிலாந்து துணியையும் மட்டும் செய்து மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் மிச்சம். ஒப்பீட்டுச் சாதகம் என்று இதைத்தான் படிக்கிறோம்.

இந்தக் கணக்கு சில விஷயங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. மூலதனம் நாடு விட்டு நாடு போகாது. வேலை இழந்தவர் உடனே இன்னொரு தொழிலில் சேர்ந்துவிடுவார். போர்ச்சுகல் நெசவாளர் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் நிற்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, லாபம் 'நாட்டுக்கு' என்று மொத்தமாகச் சொல்கிறது. அந்த நாட்டுக்குள் யாருக்குக் கிடைக்கும், யார் இழப்பார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இறக்குமதியோடு மோதும் தரப்பின் உண்மை வருமானமே குறையக்கூடும் என்பதை ஸ்டோல்பர், சாமுவெல்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1941இலேயே காட்டினார்கள். பாடம் அதையும் சொல்கிறது. மேடையில் மட்டும் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

விலை குறைகிறதே, அது எல்லோருக்கும் நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் லாபமும் நஷ்டமும் விழும் விதத்தைப் பாருங்கள். சட்டை விலை கொஞ்சம் குறைந்தால் கோடிக்கணக்கானவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் மிச்சமாகும். பலர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆலை மூடினால் ஒரு சில ஊர்களுக்கு வருமானம் முழுவதுமாகப் போய்விடும். மொத்தமாகக் கூட்டினால் மிச்சம் நஷ்டத்தைவிட அதிகம் என்று வரலாம். அந்த மிச்சத்திலிருந்து ஒரு பங்கு நஷ்டப்பட்டவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கூட்டலுக்கு அர்த்தம் உண்டு. தானாக அது போய்ச் சேராது.

வேலை போனால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே? காலம் மாறும்போது தொழிலும் மாறத்தானே செய்யும்?

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதன்பின் அமெரிக்காவில் மரச்சாமான், துணி, காலணி, பொம்மை செய்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்று டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆட்டரும் வேறு சிலரும் சேர்ந்து செய்த ஒரு மதிப்பீட்டின்படி, 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் போன வேலைகள் 20 முதல் 24 லட்சம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்குப் பெரிய அளவில் போகவில்லை. வீடு அங்கே, கடன் அங்கே, வயதான பெற்றோர் அங்கே. ஆலை மூடிய ஊரில் வீட்டு விலையும் விழுவதால், விற்றுவிட்டுக் கிளம்பவும் வழியில்லை. ஆலையை நம்பியிருந்த கடைகளும் படுத்தன. பத்தாண்டுக்குப் பிறகும் அந்த வட்டாரங்களில் கூலி குறைவாகவும் வேலையில்லாதோர் அதிகமாகவுமே இருந்தார்கள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஆய்வுகள் உடைத்தன.

அவர்களுக்கு அரசு நஷ்ட ஈடு கொடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா?

கொடுத்தால் பாதி தீரும். அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டம் 1962இல், கென்னடி காலத்தில் வந்தது. ஆண்டுக்கணக்கில் அது நடந்தாலும், சீனப் போட்டியால் அடிபட்ட ஊர்களில் அதன் பங்கு சிறிதாகவே இருந்தது. 2022 ஜூலை முதல் அதில் புதியவர்களைச் சேர்ப்பதே நின்றுவிட்டது. ஒப்பந்தங்கள் நிரந்தரம், நஷ்ட ஈடு தற்காலிகம் என்ற நிலை எனக்கு மிகப் பெரிய அநீதியாகப் படுகிறது.

டென்மார்க் போன்ற நாடுகள் வேலையிழந்தவருக்கான உதவிக்கும் பயிற்சிக்கும் தாராளமாகச் செலவு செய்கின்றன. அங்கே திறந்த வணிகத்துக்கு எதிர்ப்பு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தச் செலவைத் தாங்க வரி வருமானம் வேண்டும். ஏழை நாடுகளுக்கு அது எங்கே இருக்கிறது?

ஒரு நாட்டில் போகும் வேலை இன்னொரு ஏழை நாட்டுக்குத்தானே போகிறது? அது நல்ல விஷயம் இல்லையா?

ஆமாம், இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழில் பல லட்சம் பெண்களுக்கு முதன்முதலாகச் சொந்தச் சம்பளம் கொடுத்தது.

ஆனால் வாங்கும் நிறுவனம் எந்த நிமிடமும் இன்னொரு நாட்டுக்குப் போய்விடலாம் என்ற மிரட்டல் எப்போதும் தலைக்கு மேல் இருக்கிறது. கூலியை உயர்த்தினால் ஆர்டர் போய்விடும், பாதுகாப்புக்குச் செலவு செய்தால் ஆர்டர் போய்விடும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். ஆர்டரைக் குறித்த தேதிக்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடி அந்த முடிவில் இருந்தது.

வெளியிலிருந்து உணவு மலிவாக வந்தால் ஏழைகளுக்கு லாபம்தானே? விவசாயிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?

ஏழை நாடுகளில் ஏழைகளில் பெரும்பகுதி விவசாயிகள்தான் என்பது முதல் காரணம். கரீபிய நாடான ஹெய்ட்டி 1995இல், வெளி அழுத்தத்தின் பேரில், அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. தன் தேவைக்கு ஓரளவு தானே விளைவித்துக்கொண்டிருந்த நாடு, பெரும்பகுதி அரிசிக்கு இறக்குமதியை நம்ப வேண்டியதாயிற்று. நிலத்தை விட்டவர்கள் தலைநகரின் நெரிசலான குடியிருப்புகளில் போய்ச் சேர்ந்தார்கள். 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது அந்த நாட்டில் பசிக் கலவரம் வெடித்தது. அந்த வரிக்குறைப்பை முன்தள்ளிய அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளின்டன், அது தவறு என்று 2010இல் செனட் குழு முன் ஒப்புக்கொண்டார். தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஹெய்ட்டி அரிசி விளைவிக்கும் திறனையே இழந்துவிட்டது என்றார்.

மெக்சிகோவில் 1994இல் நாஃப்டா ஒப்பந்தம் வந்தது; அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்டது அது. மக்காச்சோளத்தின் மீதான தடைகளை முழுதாக நீக்கச் சுமார் 15 ஆண்டு அவகாசம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனால் அரசு கோட்டாவுக்கு மேல் வந்த சோளத்தையும் வரி வசூலிக்காமல் விட்டுவிட்டது. சோளத்தின் விலை விழுந்தது, லட்சக்கணக்கானோர் விவசாயத்தை விட்டார்கள். அந்த விலை வீழ்ச்சி சாப்பிடுகிறவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா? டார்ட்டியா எனும் சோள ரொட்டிக்கான மாவு வியாபாரம் சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. 2007 தொடக்கத்தில் டார்ட்டியா விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். விளைவித்தவருக்கும் நஷ்டம், உண்பவருக்கும் மிச்சமில்லை. நடுவில் போட்டி இல்லாத இடத்தில் இப்படித்தான் ஆகும்.

மானியம் கொடுத்து விலையைக் குறைத்து விற்பது விதிப்படி தப்பு இல்லையா?

ஒரு எல்லை வரை தப்புதான். பருத்தி வழக்கு அதற்கு நல்ல உதாரணம். அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் 2002இல் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்து, 2005இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அதன்பிறகும் மானியம் நிற்கவில்லை. அமெரிக்கப் பொருள் மீது வரி போட்டுப் பதிலடி கொடுக்க பிரேசில் தயாரானபோது, ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தருவதாக அமெரிக்கா 2010இல் உடன்பட்டது. கடைசியில் 2014இல் 30 கோடி டாலரோடு விவகாரம் முடிந்தது.

அதே மானியத்தால் அடிபட்ட பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் 2003 முதலே முறையிட்டு வருகின்றன. பதிலடி கொடுக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. அதனால் பிரேசிலுக்குக் கிடைத்தது போன்ற ஒன்று அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

போட்டியில் நின்றால்தானே உள்நாட்டுத் தொழில் வளரும்? பொத்திப் பொத்தி வைத்தால் கெட்டுப்போகாதா?

இரண்டும் நடந்திருக்கிறது. முதலில் வரலாறு: இன்று மற்றவர்களுக்கு வணிகத்தைத் திறக்கச் சொல்லும் நாடுகளில் பலவும் தடைகளுக்குப் பின்னால் வளர்ந்தவைதான். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791இலேயே புதிய தொழில்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதியும் அமெரிக்கா உயர்ந்த இறக்குமதி வரி கொண்ட நாடுகளில் ஒன்று. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை பிரிட்டன் 1846இல் நீக்கி வணிகத்தைத் திறந்தபோது, ஆலைத் தொழிலில் அதற்குச் சமமான போட்டியாளர் இல்லை. ஏறிப்போனவர்கள் ஏணியை எட்டி உதைக்கிறார்கள் என்று ஜெர்மானியப் பொருளாதார அறிஞர் ஃபிரெட்ரிக் லிஸ்ட் அதற்கு முன்பே, 1841இல், எழுதியது பிரிட்டனைப் பார்த்துத்தான்.

தென் கொரியா எஃகு ஆலை கட்ட நினைத்தபோது, அது தேறாது என்று உலக வங்கி கைவிரித்தது. ஒப்பீட்டுச் சாதகக் கணக்குப்படி அந்த முடிவு சரிதான். 1968இல் தொடங்கிய போஸ்கோ பின்னால் உலகின் முன்னணி எஃகு நிறுவனங்களில் ஒன்றானது. வெளிநாட்டுக் கார்களுக்கு 1980களின் பிற்பகுதி வரை அங்கே கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

நீங்கள் கேட்ட இரண்டாவது பாதியும் நியாயமானது. பாதுகாப்பு கொடுத்த பல நாடுகளில் தொழில்கள் சோம்பிப்போயின. கொரியாவில் சலுகை வாங்கிய நிறுவனங்களுக்கு ஏற்றுமதி இலக்கு வைத்தார்கள். தேறாதவை சலுகையை இழந்தன. கட்டுப்பாட்டோடு கூடிய பாதுகாப்புக்கு இடம் வேண்டும். மானியம், உள்நாட்டு உதிரிபாக நிபந்தனை போன்ற பழைய வழிகள் பலவற்றை இன்றைய ஒப்பந்தங்கள் அடைத்துவிட்டன என்பதுதான் என் குறை.

எங்களிடம் மூலப்பொருள் இருக்கிறது, அதை விற்றே வாழ்ந்தால் என்ன?

ஐவரி கோஸ்டும் கானாவும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. சாக்லேட்டின் விலையில் பெரும்பங்கு பதப்படுத்துகிறவருக்கும் பெயர் பெற்ற நிறுவனத்துக்கும் கடைக்கும் போகிறது. மூலப்பொருளின் விலை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். அரசின் வரவு செலவும் அதோடு சேர்ந்து ஆடும். ராவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 1950இல் தனித்தனியே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். நீண்ட காலப் போக்கில், ஆலைப் பொருளோடு ஒப்பிட்டால் மூலப்பொருளின் விலை சரிந்துகொண்டே போகிறது. அதாவது ஒரே இயந்திரத்தை வாங்க ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் மூட்டை விற்க வேண்டும்.

பல பணக்கார நாடுகளின் வரி அட்டவணையும் இதற்குத் துணைபோகிறது. பச்சையாக வந்தால் வரி இல்லை அல்லது குறைவு, பதப்படுத்தி வந்தால் அதிகம்.

இறக்குமதி வரியை எடுத்துவிட்டால் அரசுக்குப் பெரிய நஷ்டமா?

பணக்கார நாட்டுக்கு இல்லை. ஏழை நாட்டுக்குப் பெரிய நஷ்டம். வருமான வரி வசூலிக்கக் கணக்கு வழக்கு, அலுவலர்கள் எல்லாம் வேண்டும். துறைமுகத்தில் வரி வசூலிப்பது எளிது. அந்த வருமானம் போனதும் அதை ஈடுகட்ட விற்பனை வரியை ஏற்றுவார்கள். அது சம்பளத்தில் பெரும்பகுதியைச் சாமான் வாங்கவே செலவு செய்கிறவரை அதிகம் தாக்கும்.

ஒப்பந்தம் போட்டுவிட்டால் அரசு தன் சட்டத்தைக்கூட மாற்ற முடியாதா?

மாற்றலாம், ஆனால் அதற்கு விலை கேட்பார்கள். பல வணிக, முதலீட்டு ஒப்பந்தங்களில் வெளிநாட்டு முதலீட்டாளர் ஓர் அரசை நேரடியாகச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுக்கும் உரிமை இருக்கிறது. உள்நாட்டு நிறுவனத்துக்கு அந்த உரிமை கிடையாது. மெக்சிகோவில் மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நச்சுக் கழிவுக் கிடங்குக்கு உள்ளூர் நகராட்சி அனுமதி மறுத்தது. நாஃப்டா விதிப்படி மெக்சிகோ 1.6 கோடி டாலருக்கும் மேல் தர வேண்டும் என்று 2000இல் தீர்ப்பு வந்தது.

சிகரெட் பெட்டியில் கவர்ச்சியான வடிவமைப்பே கூடாது என்று ஆஸ்திரேலியா 2011இல் சட்டம் போட்டபோது, ஹாங்காங்குடன் இருந்த ஒரு முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி பிலிப் மோரிஸ் வழக்குப் போட்டது. 2015இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. உருகுவே மீது போட்ட வழக்கிலும் 2016இல் நிறுவனம் தோற்றது. 'பார்த்தீர்களா, அரசுதானே ஜெயித்தது' என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் நியூசிலாந்து, வழக்கு முடியட்டும் என்று தன் சட்டத்தைத் தள்ளிப்போட்டது. வழக்கின் பயமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மருந்து விலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 1995இல் உலக வர்த்தக அமைப்போடு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் குறைந்தது 20 ஆண்டு காப்புரிமை தர வேண்டும் என்றது. தடைகளை நீக்குகிறோம் என்று வந்த அமைப்பு, மருந்தில் ஒருவரே விற்கும் உரிமையை உலகம் முழுக்க விரித்தது. மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்து 1998இல் தென்னாப்பிரிக்க அரசு மீது மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த காலம் அது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக 2001இல் இந்தியாவின் சிப்லா அறிவித்தது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அந்த ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. பொதுச் சுகாதாரத்துக்காகக் காப்புரிமையைத் தாண்ட அரசுகளுக்கு உரிமை உண்டு என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் நவம்பரில் தோஹாவில் அறிவித்தன. அதற்குள் எத்தனையோ பேர் செத்துப்போயிருந்தார்கள்.

மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆபத்து?

நெருக்கடி வரும்வரை ஒன்றும் தெரியாது. 2020இல் முகக்கவசத்துக்கும் வென்டிலேட்டருக்கும் நாடுகள் அடித்துக்கொண்டன. தயாரித்த நாடுகள் பல ஏற்றுமதியை நிறுத்தின. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும், கருங்கடல் கோதுமையை நம்பியிருந்த எகிப்து போன்ற நாடுகள் தவித்தன. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குச் சில வாரம் தடை போட்டது. சாதாரண நாளில் வரும் மிச்சத்தை மட்டும் கணக்கில் எடுத்து, இந்த நாட்களின் விலையை எடுக்காமல் விட்டால் கணக்கு அரைகுறைதான். ஹெய்ட்டிக்கு 2008இல் நடந்ததும் இதுவே.

சுற்றுச்சூழலுக்கும் பாதிப்பு உண்டா?

உண்டு. மாசு விதி கடுமையான இடத்திலிருந்து தளர்வான இடத்துக்கு உற்பத்தி நகரும்; புகை உலகத்தை விட்டுப் போகாது. கழிவும் சரக்காகப் போகிறது. 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும் அவை மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் பக்கம் திரும்பின.

அநியாயம் நடந்தால் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாமே?

போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆன்டிகுவா என்ற குட்டித் தீவு நாடு இணையச் சூதாட்டத் தடை தொடர்பாக அமெரிக்கா மீது வழக்குப் போட்டு ஜெயித்தது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம் என்று 2007இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் வெல்கிறவருக்கு இந்த அமைப்பு தரும் ஆயுதம் பதிலடி மட்டும்தான். அமெரிக்கப் பொருள் மீது ஆன்டிகுவா வரி போட்டால் அமெரிக்காவுக்கு உறைக்காது, தன் மக்களுக்குத்தான் விலை ஏறும். பருத்தி விஷயத்தில் பிரேசிலும் ஆப்பிரிக்க நாடுகளும் பெற்றதில் இருந்த வேறுபாடும் இதுதான். போதாததற்கு, அமெரிக்கா புதிய நீதிபதிகள் நியமனத்தைத் தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமர்வே செயல்படவில்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வரி போட்டு அடைத்துவிடலாமா?

கூடாது. 1930இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் வரிகளை உயர்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று மனுக் கொடுத்தும் கேட்கவில்லை. கனடா உள்ளிட்ட நாடுகள் பதிலடி கொடுத்தன. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த உலக வணிகம் இன்னும் சுருங்கியது. 2018இல் அமெரிக்கா சலவை இயந்திரத்துக்குப் போட்ட வரியால் சுமார் 1,800 வேலைகள் உருவாயின என்றும், வாங்கியவர்களுக்கு ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் செலவானது என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வரி போட்டும் வேலை இழந்தவருக்குப் பழைய ஊர் திரும்பக் கிடைக்காது.

திறப்பதா மூடுவதா என்று மட்டும் கேட்டால் பதில் தப்பாகவே வரும். எவ்வளவு வேகமாக, எந்தத் துறையில், இழப்பவருக்கு முன்கூட்டியே என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1986இல் ஐரோப்பிய சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) சேர்ந்தபோது பல ஆண்டு அவகாசமும், பின்தங்கிய பகுதிகளுக்குப் பெரிய அளவில் நிதியும் கிடைத்தன. ஹெய்ட்டிக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

ஒரு புதிய ஒப்பந்தம் வருகிறது என்றால் சாதாரண ஆள் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், மொத்த வருமானம் இத்தனை சதவீதம் கூடும் என்ற அறிவிப்பை ஓரமாக வைத்துவிட்டு வரி குறையும் அட்டவணையைப் பாருங்கள். உங்கள் தொழில் அல்லது பயிருக்கு எத்தனை ஆண்டு அவகாசம், மெக்சிகோ போல அரசே அதை விட்டுக்கொடுக்க வழி இருக்கிறதா என்று தெரியும். அப்புறம், இறக்குமதி திடீரென்று குவிந்தால் தற்காலிக வரி போடும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். உலக வர்த்தக அமைப்பின் விதியில் அது நான்கு ஆண்டு, நீட்டித்தால் எட்டு ஆண்டு வரை செல்லும். சில ஒப்பந்தங்களில் அதைவிடக் குறுக்கிவிடுவார்கள்.

பிறகு முதலீட்டு அத்தியாயத்தில் நடுவர் மன்றப் பிரிவு, காப்புரிமை அத்தியாயத்தில் 20 ஆண்டுக்கு மேல் நீட்டிக்கும் வாசகம். முன்னதை நீக்கக் கேட்டால் முடியும். நாஃப்டாவுக்குப் பதிலாக 2020இல் வந்த ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் கனடாவும் தங்களுக்கிடையே அதை விலக்கிக்கொண்டன. பேச்சுவார்த்தை நடக்கும்போதே வரைவை வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்தான பிறகு நாடாளுமன்றத்தில்கூட ஒரு வரியை மாற்றுவது கடினம்.